உருமாறிய எழுத்துகள்: ஜப்பானியக் காட்சி நாவல்களும் நமது அலட்சியமும்

"கணினியில் ஓடுவது விளையாட்டு, அதில் இலக்கியம் தேடுவது வெட்டி வேலை" என்கிறார்கள் நம் இலக்கிய நண்பர்கள். "சொன்ன அமைப்பை மாற்று, கணினியை மறுபடி இயக்கு, ஏனென்று கேட்காதே" என்கிறார்கள் கணினி நண்பர்கள். ஜப்பானியக் காட்சி நாவல் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, கணினியில் இட்டு, திரையில் கதைக்குப் பதிலாகக் குப்பைக் குறிகளைக் கண்டு திகைக்கும் வாசகன் இந்த இரு தரப்புக்கும் நடுவே அனாதையாக நிற்கிறான். முதல் தரப்பு அவனை வாசகனாகவே ஏற்பதில்லை. இரண்டாம் தரப்பு அவனைப் பழுதுபார்க்க வந்தவனாக மட்டுமே பார்க்கிறது. இரண்டு தரப்புமே பிழையான இடத்தில் நிற்கின்றன என்பதே நம் வாதம்.

காட்சி நாவல் என்பது என்னவென்று முதலில் சொல்லிவிடுவோம். திரையில் பின்னணிச் சித்திரம், அதன்மேல் பாத்திரங்களின் உருவம், இசை, சில வேளை குரல். இவற்றோடு வரிவரியாக ஓடும் உரைநடை. வாசகன் பெரும்பாலும் செய்வது வாசிப்பது மட்டுமே. அவ்வப்போது இரண்டு மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்கிறான். கதை அதற்கேற்பக் கிளைக்கிறது. 1983இல் ஹோரி யூஜி எழுதிய 'போர்ட்டோப்பியா' தொடர்கொலை வழக்கிலிருந்து கணினிவழிக் கதைசொல்லல் அங்கே வேரூன்றியது. 1992இல் சுன்சாஃப்ட் நிறுவனத்தின் 'ஓட்டோகிரிசோ' திரை முழுவதும் உரைநடையை நிரப்பித் தன்னை 'ஒலி நாவல்' என்று அழைத்துக்கொண்டது. 1996இல் லீஃப் என்ற குழு 'ஷிசுக்கு'வை வெளியிட்டபோது 'காட்சி நாவல்' என்ற பெயர் நிலைபெற்றது. 2000ஆம் ஆண்டின் இறுதியில் தோக்கியோவின் காமிக் சந்தையில் தனி ஆர்வலர்கள் சிலர் விற்ற 'சுக்கிஹிமே', 2002இல் அதே சந்தையில் தொடங்கிய 'ஹிகுராஷி', 2004இல் வந்த 'க்ளானட்', 'ஃபேட்/ஸ்டே நைட்' ஆகியவை ஒரு தலைமுறையின் வாசிப்பையே மாற்றியவை. விமர்சகர் அசுமா ஹிரோகி 2001இலும் 2007இலும் வெளியிட்ட தம் நூல்களில் இவ்வகைப் படைப்புகளைத் தற்கால ஜப்பானியப் புனைகதையின் பகுதியாகவே எடுத்துக்கொண்டு விவாதித்தார். அங்கே விமர்சகர்கள் விவாதித்துக் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. இங்கே நாம் இன்னும் "அது விளையாட்டல்லவா" என்று முகம் சுளிக்கிறோம்.

இவற்றுள் பல பாலியல் காட்சிகளைக் கொண்டவை, வயதுவந்தோருக்கு மட்டுமானவை. பல வெறும் சந்தைச் சரக்குகள். மறுக்கவில்லை. ஆனால் அச்சில் வந்ததெல்லாம் காவியமா? ஒரு வடிவத்தை அதன் குப்பைகளைக் கொண்டு எடைபோடுவதானால் நாவல் என்ற வடிவத்தையே நாம் கைவிட்டிருக்க வேண்டும்.

1. பேய் எங்கிருந்து வந்தது?

திரையில் தோன்றும் குப்பைக் குறிகளுக்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'மொஜிபாகே'. 'மொஜி' என்றால் எழுத்து. 'பாகே' என்பது உருமாறுதல். நரியும் பேயும் வேற்றுருக் கொள்வதைச் சொல்லும் அதே வினையிலிருந்து வந்தது. எழுத்து அழிந்துவிட்டது என்று அந்தச் சொல் கூறவில்லை, வேறு வேடம் போட்டிருக்கிறது என்றே கூறுகிறது. பழுதுபார்ப்போர் பலரும் தவறவிடும் நுட்பம் இந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்கள் மட்டுமே தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று சொல்லும் பட்டியலே குறியேற்றம். ஜப்பான் 1978லேயே தன் கஞ்சி எழுத்துகளுக்குத் தேசிய அளவில் தரப்பட்டியல் ஒன்றை வகுத்துக்கொண்டது. அதைத் தனிநபர் கணினிகளுக்கு ஏற்ப மாற்றி அமைத்ததே 'ஷிஃப்ட்-ஜிஸ்'. இதில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், ஜப்பானிய எழுத்துக்குப் பெரும்பாலும் இரண்டு பைட். 1990களிலும் 2000களிலும் வந்த காட்சி நாவல்களில் மிகப் பெரும்பான்மை இந்தக் குறியேற்றத்திலேயே எழுதப்பட்டவை. ஆனால் எந்தக் குறியேற்றத்தில் எழுதப்பட்டது என்ற செய்தியைக் கோப்பு தன்னுடன் சுமந்து வருவதில்லை. ஜப்பானில் வாங்கிய கணினியில் ஜப்பானிய விண்டோஸ்தான் இருக்கும் என்பது எழுதியவர்களின் நம்பிக்கை. அதைச் சொல்ல வேண்டிய தேவையே அவர்களுக்குத் தோன்றவில்லை. நம்மிடமுள்ள கணினியோ அதே எண்களை மேற்கு ஐரோப்பியப் பட்டியலை வைத்து வாசிக்கிறது. மொஜிபாகே பிறப்பது இங்கேதான். எண்கள் ஒன்றும் மாறவில்லை. அவற்றை எப்படி வாசிப்பது என்ற உடன்படிக்கைதான் முறிந்திருக்கிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஷிஃப்ட்-ஜிஸ்ஸில் சில எழுத்துகளின் இரண்டாம் பைட் 92 என்ற எண்ணாக அமைந்துவிடுகிறது. ஆங்கிலப் பட்டியலில் 92 என்பது பின்சாய்கோடு. விண்டோஸில் கோப்புறைகளைப் பிரித்துக் காட்டும் குறி. ஜப்பானியக் கணினிகளில் அதே எண் யென் நாணயக் குறியாகத் தோன்றும். 'சோ' என்னும் கதகானா எழுத்தும், 'நோ' நாடகத்தின் பெயரை எழுதும் கஞ்சி எழுத்தும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. கோப்பின் பெயரில் இவற்றில் ஒன்று இருந்து, நிரல் அதைப் பைட் பைட்டாக வாசித்தால், பெயரின் நடுவே ஒரு கோப்புறை முளைத்துவிடும். "கோப்பு கிடைக்கவில்லை" என்று நிரல் நின்றுவிடும். அறுநூறு ஆண்டுப் பாரம்பரியமுள்ள ஒரு நாடக வடிவத்தின் பெயர் இயந்திரத்தின் கண்ணில் பாதை பிரிக்கும் கோடாகிவிடுகிறது.

2. நோய்க்குறி மூன்று, நோயும் மூன்று

"எழுத்து சரியாகத் தெரியவில்லை" என்று எல்லாவற்றையும் ஒரே சொற்றொடரில் அடக்குவதே முதல் தவறு. மூன்று வெவ்வேறு நிலைகள் உண்டு.

முதலாவது, வேற்றுருக் கொண்ட எழுத்து. ஐரோப்பிய உயிரெழுத்துகளும் கணக்குக் குறிகளும் கலந்து நிற்கும். ஹிரகானா எழுத்துகள் யாவும் 130 என்ற பைட்டில் தொடங்குகின்றன. மேற்கு ஐரோப்பியப் பட்டியலில் 130 என்பது பார்வைக்குக் காற்புள்ளி போன்ற ஒரு தாழ் மேற்கோள் குறி. எனவே ஒன்று விட்டு ஒன்றாகக் காற்புள்ளி போன்ற குறி தெரிந்தால் மகிழ்ச்சி கொள்ளலாம். அது ஹிரகானா, மூலம் முழுமையாக இருக்கிறது, பட்டியலை மட்டும் மாற்றினால் போதும்.

இரண்டாவது, வெறும் கட்டங்கள். இங்கே கணினி எழுத்தை அடையாளம் கண்டுகொண்டது. வரைந்து காட்டத்தான் எழுத்துரு இல்லை. விண்டோஸ் 10இல் எம்எஸ் கோத்திக் எழுத்துரு இயல்பாகவே உண்டு. நாவல் கேட்பது எம்எஸ் மின்ச்சோவானால், 'ஜப்பானியத் துணை எழுத்துருக்கள்' என்ற விருப்பக் கூறினை நிறுவ வேண்டும்.

மூன்றாவது, வரிசையாகக் கேள்விக்குறிகள். இதுதான் அஞ்ச வேண்டியது. தனக்குத் தெரியாத எழுத்தைக் கணினி ஏதோ ஓர் இடத்தில் தூக்கி எறிந்துவிட்டு அங்கே கேள்விக்குறியை நட்டுவிட்டது. அந்தப் பிரதியில் மூலம் இல்லை. அதே கோப்பை என்ன செய்தாலும் மீளாது. மூலத் தட்டிலிருந்து மறுபடி எடுத்தாக வேண்டும்.

ஏட்டுச்சுவடியில் எழுத்து மயங்கியிருப்பதற்கும், செல்லரித்துப் போயிருப்பதற்கும், நமக்கு அந்தக் காலத்து எழுத்து படிக்கத் தெரியாததற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் முதலாண்டு மாணவனுக்குக்கூட நாம் கற்பிக்கிறோம். அதே பகுப்புதான் இங்கும் தேவைப்படுகிறது. இதை "மெக்கானிக் வேலை" என்று ஒதுக்குபவர் பதிப்பாசிரியர்கள் செய்ததும் மெக்கானிக் வேலை என்றே சொல்ல வேண்டியிருக்கும்.

மருந்து எளிது. விண்டோஸின் வட்டார அமைப்பில் 'யூனிகோடு அல்லாத நிரல்களுக்கான மொழி' என்றொரு பகுதி உண்டு. அதில் ஜப்பானிய மொழியைத் தேர்ந்து கணினியை மறுபடி இயக்கினால் பெரும்பாலான நாவல்கள் வாய்திறக்கும். விண்டோஸின் பிற பட்டியல்களும் சாளரங்களும் மொழி மாறிவிடும் என்ற பயம் வேண்டாம். யூனிகோடு அறியாத பழைய நிரல்களை மட்டுமே இந்த அமைப்பு தொடுகிறது. கணினி முழுவதற்கும் மாற்ற விரும்பாதவருக்கு 'லொகேல் எமுலேட்டர்' என்ற இலவசக் கருவி இருக்கிறது. அந்த ஒரு நிரலிடம் மட்டும் "நீ ஜப்பானியக் கணினியில் இருக்கிறாய்" என்று சொல்லிவைக்கும். 2003இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே எக்ஸ்பி இயங்குதளத்துக்காக 'ஆப்லொகேல்' என்றொரு சிறு கருவியை வெளியிட்டது. தன் இயங்குதளம் ஏற்படுத்திய பள்ளத்தை நிறுவனமே ஒப்புக்கொண்டதற்கு அது சான்று. லினக்ஸில் வைன் வழியாக இயக்குவோர், ஜப்பானிய யூடிஎஃப்-8 வட்டாரத்தை முதலில் உருவாக்கி, அந்த அமைப்புடன் நிரலைத் தொடங்கினால் இதே பயன் கிட்டும்.

ஒரு பொறியையும் சொல்ல வேண்டும். 2018இல் வந்த விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து அதே சாளரத்தில் 'உலகளாவிய மொழி ஆதரவுக்கு யூடிஎஃப்-8' என்றொரு பெட்டி 'பீட்டா' என்ற அடைமொழியோடு உட்கார்ந்திருக்கிறது. 'யூனிகோடு நல்லது' என்ற நல்லெண்ணத்தில் அதைத் தேர்ந்துவிட்டால், கணினி ஷிஃப்ட்-ஜிஸ் எண்களையும் யூடிஎஃப்-8 என்றே வாசிக்க முயலும்; பழைய நாவல் மறுபடி உளறும். எழுதப்பட்ட காலத்தின் முறையிலேயே ஒரு பிரதியை வாசிக்க வேண்டும் என்ற பழைய பாடத்தை இந்தச் சிறு பெட்டி நினைவூட்டுகிறது.

தமிழர்களுக்கென்று தனியாக ஒரு தொல்லையும் உண்டு. விண்டோஸில் பயனர் பெயரைத் தமிழிலேயே வைத்துக்கொண்டவரின் ஆவணக் கோப்புறைக்கும் அந்தத் தமிழ்ப் பெயரே அமைகிறது. ஷிஃப்ட்-ஜிஸ் பட்டியலில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. நாவல் தன் சேமிப்பை அந்த இடத்தில் எழுத முயலும்போது தமிழ்ப் பெயர் கேள்விக்குறிகளாகி, சேமிப்பு தோற்றுவிடும். கதை ஓடுகிறது, ஆனால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியவில்லை என்று வருந்துவோர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். தீர்வு, ஆங்கில எழுத்துப் பெயரில் தனிப் பயனர் கணக்கு ஒன்று. தன்மானத்தைச் சற்றே உறுத்தும் தீர்வுதான், ஆனால் பயன் தரும்.

3. மந்திரமும் மருத்துவமும்

கணினி நண்பர்களோடு நமக்குள்ள வழக்கு இதுதான்: அவர்கள் காரணத்தைச் சொல்வதில்லை. "நிர்வாகி உரிமையோடு இயக்கு, நச்சுநிரல் தடுப்பை அணைத்துவிடு" என்ற இரண்டு மந்திரங்களை எல்லா நோய்க்கும் ஓதுகிறார்கள்.

எக்ஸ்பி காலத்து நிரல்கள் தம் சேமிப்புகளைத் தாம் நிறுவப்பட்ட கோப்புறைக்குள்ளேயே எழுதின. 2007இல் பொதுச் சந்தைக்கு வந்த விஸ்டா முதல், 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறைக்குள் சாதாரண நிரல்கள் எழுதுவதை விண்டோஸ் தடுக்கிறது, அல்லது வேறிடத்துக்குத் திருப்பிவிடுகிறது. சேமிப்பு காணாமல் போவதன் இன்னொரு காரணம் இது. நிர்வாகி உரிமை கொடுத்தால் தடை விலகும், உண்மை. ஆனால் இருபது ஆண்டுப் பழைய நிரல் ஒன்றுக்கு வீட்டின் எல்லாச் சாவிகளையும் கொடுப்பதற்குப் பதில், அதை 'சி' வட்டிலேயே ஆங்கிலப் பெயருள்ள ஒரு தனிக் கோப்புறையில் நிறுவினால் போதும். நச்சுநிரல் தடுப்பை அணைக்கச் சொல்வது இதனினும் பொறுப்பற்றது. காரணம் தெரிந்தவன் இந்த அறிவுரைகளை வழங்கமாட்டான்.

பிற தடங்கல்களும் இவ்வாறே தத்தம் காரணத்தோடு வருபவை. 64-பிட் விண்டோஸ் 16-பிட் நிரல்களை இயக்காது. 1990களின் தட்டுகள் சிலவற்றில் நாவல் 32-பிட், அதை நிறுவும் நிரல் மட்டும் 16-பிட். வீட்டுக்குள் எல்லாம் சரியாக இருக்க, வாசல் மட்டும் குறுகலாக இருப்பது போன்றது. முகப்புக் காணொளி கறுப்பாகத் தெரிந்தால் அல்லது அந்த இடத்தில் நிரல் உறைந்தால், அதை விரிக்கும் கோடெக் இல்லை என்று பொருள். ஊடகக் கூறுகள் நீக்கப்பட்ட 'என்' பதிப்பு விண்டோஸில் இது சாதாரணம், அவற்றைத் தனியே நிறுவிக்கொள்ளலாம். கோப்புகளை எல்லாம் வன்தட்டுக்கு நகலெடுத்தும் இசை கேட்கவில்லையா? அந்தக் காலத்துத் தட்டுகள் பலவற்றில் இசை கோப்பாக இல்லை, பாட்டுத் தட்டில் உள்ளதுபோல் ஒலித்தடமாகப் பதிந்திருக்கும். கோப்பு நகலில் அது வராது. 640-க்கு 480 அளவில் 256 வண்ணங்களை எதிர்பார்க்கும் நிரல் இன்றைய திரையில் நிறம் குழம்பினால், பழைய வரைகலை அழைப்புகளைப் புதியவையாக மொழிபெயர்க்கும் டிஜிவூடூ போன்ற கருவிகள் கைகொடுக்கும்.

4. பூட்டியவர்கள் யார்?

இதுவரை சொன்னவை காலம் செய்த கோலங்கள். யாரும் தீய எண்ணத்தோடு செய்தவையல்ல. ஆனால் வேண்டுமென்றே போடப்பட்ட பூட்டுகளும் உண்டு. கணினியின் மொழி ஜப்பானியமா, நேர வலயம் ஜப்பானுடையதா என்று பார்த்து, இல்லையென்றால் "இந்நிரல் ஜப்பானுக்குள் மட்டுமே" என்ற அறிவிப்போடு நின்றுவிடும் நாவல்கள் இருக்கின்றன. உரிமமும் வெளிநாட்டுச் சட்டங்களும் பற்றிய அச்சம் பதிப்பாளருக்கு இருக்கலாம். அதற்காக முறையாகத் தட்டை வாங்கிய ஒருவனை அவன் கடிகாரம் காட்டும் நேரத்தை வைத்து விரட்டுவது எந்த நியாயம்? சென்னையில் வாங்கிய புத்தகம் கொழும்பில் திறக்காது என்றால் நாம் பொறுத்துக்கொள்வோமா?

தட்டுப் பூட்டுகளின் கதை இதனினும் மோசம். 2000களில் பரவலாக இருந்த சேஃப்டிஸ்க் என்ற நகல்தடுப்பு, விண்டோஸின் உள்ளே ஒரு இயக்கியை நம்பி வேலை செய்தது. அந்த இயக்கியில் பாதுகாப்புக் குறை இருந்ததால் 2015இல் வந்த விண்டோஸ் 10 அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பழைய பதிப்புகளிலும் அது முடக்கப்பட்டது. விளைவு, காசு கொடுத்து வாங்கிய அசல் தட்டு ஓடாது. பூட்டு உடைத்த திருட்டுப் பிரதி ஓடும். நேர்மையான வாசகனைத் தண்டித்துத் திருடனுக்குப் பரிசளிக்கும் ஏற்பாட்டைப் பாதுகாப்பு என்று எப்படி அழைப்பது? திருட்டுப் பிரதிக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. பூட்டு செத்த பின்னும் சாவியைக் கொடுக்க மறுப்பவர், அந்தத் திருட்டுப் பிரதியே கடைசிப் பிரதியாக எஞ்சும் நிலையை உண்டாக்குகிறார் என்பதைத்தான் சொல்கிறோம்.

"புதிய மறுபதிப்புகள் வருகின்றனவே, அவற்றை வாசித்தால் போதாதா?" என்று கேட்கலாம். 'ஃபேட்/ஸ்டே நைட்'டையே எடுத்துக்கொள்வோம். 2004இன் கணினிப் பதிப்பு ஒன்று. பாலியல் காட்சிகள் நீக்கி, குரல் சேர்த்து, சில பகுதிகள் மாற்றி 2007இல் விளையாட்டுக் கருவிக்கு வந்த பதிப்பு ஒன்று. 2024இல் உலகெங்கும் வெளியான மெருகேற்றிய பதிப்பு ஒன்று. கடைசியாக வந்தது தங்குதடையின்றி ஓடுகிறது, ஆனால் அது 2004இன் வாசகன் வாசித்த பனுவல் அன்று. ஓர் ஆசிரியரின் முதற்பதிப்பும் திருத்திய பதிப்பும் ஒன்றே என்று எந்த ஆய்வாளனாவது சொல்வானா? பாடபேதம் அறிய முதற்பதிப்பு வேண்டும். முதற்பதிப்பை வாசிக்க அந்தப் பழைய தட்டு ஓட வேண்டும்.

மாற்றுவழி இல்லாமலில்லை. 'சுக்கிஹிமே'யும் 'ஹிகுராஷி'யும் என்ஸ்கிரிப்டர் என்ற இயக்குபொறியில் எழுதப்பட்டவை. அதன் கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் ஓஎன்ஸ்கிரிப்டர் என்ற திறந்தமூல இயக்குபொறியை ஆர்வலர்கள் தாமாக எழுதினார்கள். அதனால் அந்த நூல்கள் விண்டோஸ் அல்லாத தளங்களிலும் உயிரோடு இருக்கின்றன. 'ஃபேட்'டை இயக்கிய கிரிகிரியின் மூலநிரல் பொதுவெளியில் இருக்கிறது. ஜப்பானின் தேசிய டயட் நூலகம் 2000ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் குறுந்தகடு போன்ற மின்பதிப்புகளையும் சட்டப்படி பெற்றுச் சேமிக்கிறது. தட்டைப் பாதுகாப்பது பாதி வேலை. அதை இயக்கத் தெரிந்த அறிவைப் பாதுகாப்பது மீதி. இரண்டாம் பாதியைச் செய்துகொண்டிருப்பவர்கள் பெயர் வெளியில் தெரியாத வாசகர்களே.

5. இதில் நமக்கென்ன?

ஜப்பானிய மொழி அறியாத தமிழ் வாசகனுக்கு இது எதற்கு என்பது கடைசிக் கேள்வி. இந்நாவல்களை ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசிக்கும் இளைஞர்கள் நம்மிடையே உண்டு. ஆர்வலர் மொழிபெயர்ப்புகளில் பல அதே பழைய இயக்குபொறியின் மேல் ஒட்டப்பட்டவை, ஆகவே அதே தொல்லைகள் அவர்களுக்கும் உண்டு. ஆனால் நாம் சொல்லவருவது அதைவிட நெருக்கமானது.

நாமும் மொஜிபாகேயில் வாழ்ந்தவர்கள்தாம். பாமினி ஒன்று, டிஸ்கி ஒன்று, 1999இல் தமிழக அரசு அறிவித்த டாம், டாப், நாளிதழுக்கு ஒன்று, பதிப்பகத்துக்கு ஒன்று என்று குறியேற்றங்களைப் பெருக்கியவர்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் டிஸ்கியில் ஏற்றிய நூல்களைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது. தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010இல்தான். ஜப்பானியப் பழைய நாவலைத் திறக்க ஒரே ஓர் அமைப்பை மாற்றினால் பெரும்பாலும் போதும். அவர்களிடம் ஒரு தேசியப் பட்டியல் இருந்தது. நம் பழைய கோப்பைத் திறக்க எந்த அச்சகத்தில் எந்த எழுத்துருவில் தட்டச்சு செய்தார்கள் என்று விசாரிக்க வேண்டும். விசாரிக்க வேண்டிய ஆள் பல வேளை ஓய்வுபெற்றிருப்பார். 1990களின் தமிழ்ச் சிற்றிதழ்களின் கணினிக் கோப்புகள் எத்தனை அலமாரிகளில் இப்படி ஊமையாகிக் கிடக்கின்றனவோ, அவற்றைப் பற்றி நம்மில் எவரும் கட்டுரை எழுதக் காணோம்.

ஆகவே இலக்கிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குறியேற்றம் கற்றுக்கொள்ளுங்கள், அது இக்காலத்தின் சுவடியியல். கணினி நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மருந்தோடு காரணத்தையும் சொல்லுங்கள், கேட்பவன் வாசகன், அவனுக்குப் புரியும். பதிப்பாளர்களுக்கு, அவர்கள் எந்நாட்டவராயினும், ஒரு கோரிக்கை: விற்பனையை நிறுத்தும் நாளில் பூட்டையும் கழற்றிவிடுங்கள்.

திரையில் குப்பைக் குறிகளைக் கண்டு தன் அறியாமையை நொந்துகொள்ளும் வாசகனுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே. குறை உங்களுடையதன்று. ஒன்று விட்டு ஒன்றாகக் காற்புள்ளி தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். தெரிந்தால் நூல் அங்கேதான் இருக்கிறது.